தோட்டப் பராமரிப்பு, தற்காலிகம்

உங்க பள்ளிக்கூடத்துல தோட்டம் இருக்கா தம்பி? இல்லையா? அப்ப முதல்ல போய் நாலு கத்தரிச் செடி வையுங்க. பிள்ளைகளை ரோடு தாண்டிவிட ஆள் தேடுறதெல்லாம் அதுக்குப் பெறகுதான். ஏன்னா, நான் இங்க தோட்டக்காரி. மெய்யாத்தான் சொல்றேன். இந்த ஆரஞ்சுச் சட்டை, விசில், போர்டு எல்லாத்தையும் பாத்துட்டு நீங்க வேற என்னமோன்னு நெனச்சு வந்திருப்பீங்க. உள்ள ரெஜிஸ்டரைப் பொரட்டிப் பாத்தா, சீனியம்மாள், தோட்டப் பராமரிப்பு, தற்காலிகம்னுதான் இருக்கும்.

வண்டியை அந்த மரத்துக்கு அங்கிட்டு நிறுத்துங்க. வெள்ளைக் கோட்டுக்கு இங்கிட்டு எதுவும் நிக்கக்கூடாது. மோட்டார் சைக்கிளும் சேத்துத்தான். ஆமா, அங்கதான். மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் கிடக்கு, உக்காருங்க. இந்த மைல்கல்லுல நான்தான் உக்காருவேன், இன்னைக்கு நீங்க உக்காருங்க.

பெத்தவங்க சங்கத்துச் செயலாளருன்னு சொன்னீங்கள்ல. உங்க ஊர்லயும் ஏதாவது பிள்ளை அடிபட்டுருச்சா? இல்லையா. நல்லது. அடிபடுறதுக்கு முன்னாடியே ஆள் தேடி வர்ற ஊரை இப்பத்தான் பாக்கேன். இங்க ஒரு பையனுக்குக் கழுத்தெலும்பு முறிஞ்ச பெறகுதான் எல்லார் கண்ணுக்கும் ரோடு தெரிஞ்சது. போன வருஷம் ஆடி மாசம். மூணாங்கிளாஸ் பையன், தவசின்னு பேரு. பால்வண்டிக் கண்ணாடி தட்டி விழுந்துட்டான். இப்ப நல்லா இருக்கான், நாலாங்கிளாஸ். வரிசையில நின்னுக்கிட்டு முன்னாடி நிக்கிற பிள்ளை சடையைப் பிடிச்சு இழுக்கான். நீங்களே பாப்பீங்க இன்னும் செத்த நேரத்துல.

அதுக்குப் பெறகு பெத்தவங்க கூட்டம் போட்டாக. காபி குடிச்சாக. ஒரு ஆளைப் போடணும்னு தீர்மானம் எழுதுனாக. மறுநாள் ஹெச்.எம். என் வீட்டு வாசல்ல வந்து நிக்காக.

ஹெச்.எம். பேரு கனகமணி. நல்ல மனுசி, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா வாய் கிடையாது. அவுக பேசுறதைக் கேக்கணும்னா ஃபேனை நிறுத்தணும். இவுக எப்படி இருநூத்திப் பத்துப் பிள்ளைகளையும் ஆறு வாத்தியார்களையும் வச்சு மேய்க்காகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ஒரு தடவை கூட ஒருத்தரை அதட்டி நான் பாத்ததில்லை. நான் அதுக்கு நேர் எதிர். என் சத்தம் கேட்டா லாரி நிக்கும். லாரி என்ன, ரயிலே நிக்கும்.

ரயில்னு சும்மா சொல்லலை. நான் ரயில்வேல கேட் கீப்பர் தம்பி. எங்க வீட்டுக்காரர் பாத்த வேலை. அவர் தவறின பெறகு எனக்குக் குடுத்தாக. இருபத்தி நாலு வருஷம். போன் வரும், ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நம்பர் சொல்வார், நான் ஒரு நம்பர் சொல்வேன், ரெண்டு பேரும் எழுதிக்குவோம், கேட்டைச் சாத்துவேன். சாத்துனா சாத்துனதுதான். கலெக்டர் காரும் நிக்கும், மாப்பிள்ளை ஊர்வலமும் நிக்கும், பிரசவத்துக்குப் போற ஆட்டோவும் நிக்கும். நான் ரிட்டயர் ஆன மறுவருஷமே அந்த எடத்துல சுரங்கப்பாதை வெட்டி, கேட்டையே தூக்கிட்டாக. எனக்கு அப்பறம் அதைச் சாத்த ஆள் கிடைக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதனாலதான் கனகமணி டீச்சர் என்னைத் தேடி வந்திருக்காக. காலையில எட்டேகாலுல இருந்து ஒன்பதரை, சாயங்காலம் மூணேமுக்காலுல இருந்து அஞ்சு. நடுவுல நம்ம பாடு. மே மாசம் சம்பளம் கிடையாது. மழைக்கு லீவு விட்டா அன்னைக்கும் கிடையாது. வருஷா வருஷம் ஜூன்ல மறுபடி கையெழுத்துப் போடணும். பிள்ளைகளைக் கையைப் பிடிச்சு இழுக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, பேரைச் சொல்லித் திட்டக்கூடாது. எல்லாத்துக்கும் சரின்னேன். பென்ஷன் வருது, எனக்கென்ன. ஆனா ஒண்ணு கேட்டேன். கையில ஒரு ஆர்டர் வேணும்னு கேட்டேன். ரயில்வேல ஒரு விளக்கைத் துடைக்கக்கூட ஆர்டர் உண்டு. ஆர்டர் இல்லாம ரோட்டுல நின்னா பைத்தியம்னு நெனப்பான்ல?

டீச்சர் சரின்னுட்டுப் போனாக. நாலு நாள் கழிச்சுத்தான் ஆர்டர் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா தோட்டப் பராமரிப்பு. என்னன்னு கேட்டா, சம்பளம் குடுக்கிற பெத்தவங்க சங்கத்து விதியில வாட்ச்மேன் இருக்காம், ஆயா இருக்காம், துப்புரவு இருக்காம், தோட்டம் இருக்காம். ரோட்டை மறிக்கிறதுன்னு ஒரு வேலையே அதுல கிடையாதாம். மிச்ச எல்லாத்துலயும் ஆள் இருக்கு, தோட்டம் மட்டும்தான் காலியா இருக்காம்.

எனக்கு வந்த கோவம் இருக்கே. நான் எந்தத் தோட்டத்தைக் கண்டேன்? கேட்டு ஓரத்துல எருக்கஞ்செடி தவிர ஒண்ணு வச்சதில்லை. அதை நான் சத்தமாத்தான் கேட்டேன். டீச்சர் எப்பவும் போல மெதுவா, "நீங்க ரோட்டுல நில்லுங்கம்மா. பேரை நான் பாத்துக்கிறேன்" அப்படின்னாக. எப்படிப் பாப்பாக? வாய் இருக்கிறவுகளா இருந்தா கூட்டத்துல எந்திரிச்சு, இந்த வேலைக்கு இந்தப் பேருதான் வைக்கணும்னு மேசையைத் தட்டியிருப்பாக. சரின்னு ஆர்டரை வாங்கி லேமினேஷன் போட்டு வச்சுக்கிட்டேன். பேப்பர் பேப்பர்தானே.

முதல் வாரம் ஒரு கூத்து. டிராயிங் மாஸ்டர் போர்டு எழுதிக் குடுத்தார். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ'. பாத்தா சரியாத்தான் இருக்கும். ரோட்டுல போய்த் தூக்குனேன். 'நில்' பக்கம் லாரியைப் பாக்குது, 'போ' பக்கம் எதுக்க வர்ற பஸ்ஸைப் பாக்குது. பஸ்காரன் படிச்சுட்டான். போயிட்டான். நல்லவேளை பிள்ளைகள் இன்னும் எறங்கலை. அன்னைக்கே ரெண்டு பக்கமும் 'நில்'லுன்னு எழுத வச்சேன். நீங்க எழுதுறப்ப மறந்துராதீங்க. ரெண்டு பக்கமும் நில்.

பிள்ளைகளுக்கும் ஒரு பழக்கம் பண்ணினேன். நான் 'லைன் கிளியர்'னு சொல்றவரைக்கும் ஒரு கால் தாருல படக்கூடாது. ஒரே மாசத்துல படிஞ்சிருச்சு. இப்ப ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட எந்திரிச்சு, லைன் கிளியரா டீச்சர்னு கேக்குதாம். எல்லாம் ஒரு பயம்தான். என்னைக் கண்டா அவ்வளவு பயம். போன வாரம்கூட ஒரு பயந்த பிள்ளை வந்து என் சட்டைப் பையில கடலை மிட்டாய் போட்டுட்டு ஓடுச்சு.

ஒரு வருஷம் ஒரு சோலியும் இல்லாம ஓடுச்சு. இந்த வருஷம் ஆவணியிலதான் வந்துச்சு வினை.

மினிபஸ் ஒண்ணு. பின்னாடி வர்ற மினிபஸ்ஸுக்கு முந்தி அடுத்த நிறுத்தத்துல ஆளை ஏத்தணும்னு பறக்கிற பய. நான் நட்டநடு ரோட்டுல போர்டைத் தூக்கிட்டேன், பிள்ளைகள் பாதி ரோடு வந்துருச்சு. அவன் வந்த வரத்துக்கு பிரேக் போட்டான் பாருங்க, பஸ் என் முழங்காலுக்கு ஒரு ஜாண்ல நின்னுச்சு. பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லை. எனக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா பஸ்ஸுக்குள்ள ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன தாசில்தாராம், முன் சீட்டுக் கம்பியில நெத்தியை இடிச்சு மூக்குக்கண்ணாடி ஒடைஞ்சிருச்சு. நியாயமா டிரைவரைத்தானே பிடிக்கணும். அவர் எறங்கி வந்து என்னைக் கேக்கார், வண்டியை நிறுத்த உனக்கு யாரு அதிகாரம் குடுத்தான்னு. ஆர்டர் இருக்குன்னேன். எந்த ஆர்டர்னார். போலீஸ் டேசனுக்கு வாங்க காட்டுறேன்னு நானே சொல்லிட்டேன். என் வாய்தான். அதை ஒத்துக்கிறேன்.

டேசன்ல போய் நெஞ்சை நிமித்திக்கிட்டு லேமினேஷனை எடுத்து மேசையில வச்சேன். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுதான், நிதானமான ஆளு. ஒரு தடவை படிச்சார். திருப்பிப் பாத்தார். மறுபடி படிச்சார்.

"ரோட்டுல என்ன செடிம்மா வச்சிருக்கீங்க?"

டேசனே சிரிச்சது தம்பி. ரைட்டர் சிரிக்கார், கான்ஸ்டபிள் சிரிக்கார், உள்ள கம்பிக்குப் பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தனும் சிரிக்கான். இருபத்தி நாலு வருஷத்துல எனக்கு முன்னாடி ஒருத்தரும் அப்படிச் சிரிச்சதில்லை. தாசில்தார் மட்டும் சிரிக்கலை, அவருக்கு நெத்தி வலி. சட்டப்படி போலீஸ் இல்லாம, போலீஸ் அனுமதி இல்லாம யாரும் வண்டியை மறிக்கக்கூடாதாம். பெரியவர் எழுதிக் குடுத்தா என் மேல கேஸ் போடணுமாம்.

யாரோ போய்ச் சொல்லி கனகமணி டீச்சர் வந்தாக. பஸ்ஸுக்கு நிக்காம நடந்தே வந்திருக்காக, சேலை முந்தானையெல்லாம் புழுதி. என்னை வெளிய பெஞ்சில உக்கார வச்சுட்டு உள்ள போனாக. நாப்பது நிமிசம். நான் ஜன்னலுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன், ஒரு வார்த்தை கேக்கணுமே. எனக்காக ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டாமா? எங்க பிள்ளைகளைக் காப்பாத்தின மனுசிய்யா இதுன்னு ஒரு வார்த்தை? ஒண்ணும் கேக்கலை. கெஞ்சியிருப்பாக போல. பெறகு பாத்தா தாசில்தார் ஒண்ணும் எழுதிக் குடுக்காம எழுந்திரிச்சு வெளிய போறார். சப் இன்ஸ்பெக்டர் டேசன் வாசல் வரைக்கும் வந்து டீச்சரை வழியனுப்புறார். கேஸ் இல்லைன்னு ஆயிருச்சு. ஆனா மேலிடத்துல இருந்து முறையா அனுமதி வர்ற வரைக்கும் சீனியம்மாள் பள்ளி நேரத்துல ரோட்டுல கால் வைக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டார்.

பள்ளிக்கூடம் வந்ததும் டீச்சர் கையை நீட்டுனாக. போர்டைக் குடுங்கம்மான்னாக. குடுத்தேன். விசிலைக் கேட்டாக. விசிலைத் தர மாட்டேன்னுட்டேன். அது ரயில்வே விசில்.

அப்புறம் நான் என்ன பண்ண? தோட்டக்காரி, தோட்டத்தைப் பாருன்னு ஆயிருச்சு. மம்பட்டியை எடுத்தேன். கக்கூஸுக்குப் பின்னாடி ஒரு துண்டு தரிசு கிடந்துச்சு, கோவத்துல வெட்டுனேன். கோவத்துல வெட்டுனா மண்ணு நல்லா வெட்டுப்படுது தம்பி. கத்தரி, வெண்டை, தண்டங்கீரை. கீரை பதினெட்டாம் நாளே தலை தூக்கிருச்சு, இப்ப சத்துணவுக்கு வாரத்துல ரெண்டு நாள் அதுதான். அந்த நேரம் பாத்து கல்வி ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்தார், தோட்டக்காரிக்குச் சம்பளம் போகுதே, தோட்டம் எங்கன்னு கேட்டார். கூட்டிட்டுப் போய்க் காட்டுனாக டீச்சர். அவுகளுக்கு எல்லாமே ஒரு அதிர்ஷ்டம்தான்.

அப்ப ரோட்டுல யாருன்னு கேக்கீங்க. அவுகதான். கனகமணி டீச்சரேதான். காலையிலயும் சாயங்காலமும் போர்டைத் தூக்கிட்டு நின்னாக.

நிக்கிற நிலையைப் பாக்கணுமே. எனக்குக் காம்பவுண்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கம் கீரைப்பாத்தி, அங்க இருந்து பாத்தா எல்லாம் தெரியும். போர்டை இடுப்புக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்காக, கல்யாண வீட்டுல பன்னீர்ச் செம்பு பிடிச்ச மாதிரி. விசில் கிடையாது. சத்தம் கிடையாது. வண்டியைப் பாத்து ஒரு கும்பிடு வேற. நான் சுவத்துக்கு மேல தலையை நீட்டி, கையை உசத்துங்க டீச்சர், உசத்துங்கன்னு கத்துவேன். திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஆனா வண்டி நின்னுச்சு. பாவம் பாத்து நின்னிருப்பான்.

ஒரு மாசத்துக்குக் கிட்டத்தட்ட இது நடந்துச்சு. ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் பாத்திக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருக்கேன். பெரிய பிரேக் சத்தம். அதுக்குப் பின்னாடி ஒரு தகரம் உருள்ற சத்தம்.

எப்படி ஓடுனேன்னு தெரியலை. வாசல் தாண்டி ரோட்டுல போய்ப் பாத்தா, ஜல்லி ஏத்துன டிப்பர் ஒண்ணு நிக்காமலே தாண்டிப் போகுது. போர்டு அங்கிட்டுக் கிடக்கு, காம்பு முறிஞ்சு. டீச்சர் தாருல விழுந்து கிடக்காக. பின்னாடி இன்னொரு லாரி, இந்தப் பக்கம் டவுன் பஸ்ஸு, வேன், ஆட்டோ, எல்லாம் வேகம் குறையாம வருது. நடு ரோட்டுல போய் நின்னேன். கையில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியலை தம்பி. எல்லாரும் பெறகு சொல்லித்தான் தெரியும். மம்பட்டி. மம்பட்டியைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கேன். ரெண்டு பக்கமும் கப்சிப்னு நின்னுச்சு. அன்னைக்கு நின்ன மாதிரி வண்டி என் சர்வீஸ்ல என்னைக்கும் நின்னதில்லை.

பிள்ளைகள் பன்னெண்டு பேர் வரிசையில நின்னபடியே நிக்குதுக. ஒரு கால் தாருல இல்லை. டீச்சர் எந்திரிக்கப் பாக்காக, முடியலை, அந்த நிலையிலயும் என்னைப் பாத்து, முதல்ல பிள்ளைகளை அனுப்புங்கம்மான்னாக. அனுப்புனேன். அதுக்குப் பெறகுதான் அவுகளைத் தூக்குனேன். வெயிட்டே இல்லை அவுக.

பம்புக்கிட்ட உக்கார வச்சு முழங்கையைக் கழுவுனேன். தோல் நல்லா வழண்டு போச்சு, இடது கை. கழுவிக்கிட்டே வைதேன். வாயில வந்ததெல்லாம் வைதேன். போர்டை உசத்துன்னு எத்தனை தடவை சொன்னேன், அறுபது வயசுல இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, ஒரு வாத்தியாரைப் போட்டிருக்கலாம்ல, என்னைப் போட்டிருக்கலாம்ல, கேஸ் வந்தா நான் பாத்துக்க மாட்டேனான்னு. அவுக கையை நீட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தாக. நான் மூச்சு வாங்க நிறுத்துனப்ப ஒரு வார்த்தை சொன்னாக.

"உங்க மேல கேஸ் வந்தா உங்க பென்ஷன் வரைக்கும் அலைய வைப்பாங்கம்மா. வாத்தியாருங்கன்னா அவங்க வேலைக்கு ஆபத்து. என்கிட்டன்னா விளக்கம் கேப்பாங்க. எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

எழுதுறதுன்னா அவுகளுக்கு அவ்வளவு இஷ்டம். அன்னைக்கும் பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போவாகன்னு பாத்தா, திரும்பி வந்து ஆபீஸ் ரூம்ல உக்காந்து எழுதுறாக. இடது கையால பேப்பரைப் பிடிக்க முடியலை, அதுக்கு ஒரு கல்லை வச்சுக்கிட்டு. நான் டீ வாங்கிட்டுப் போய் வச்சேன். பாடக்குறிப்போ என்னமோன்னு நெனச்சேன், கேக்கலை. அன்னைக்கு எனக்கு வீட்டுல சோறு எறங்கலை. வெயில்ல ஓடுனது ஒத்துக்கலை போல.

ஆனா இதுக்கு மேல வாயில்லாத மனுசியை நம்பிக்கிட்டு இருந்தா ஆகாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். டைப் அடிக்கிற கடையில உக்காந்து நாலு பக்கம் அடிச்சேன். முதல் ரெண்டு பக்கம் நான் யாரு, எந்த கேட்டு, எத்தனை வருஷம், எத்தனை விபத்தைத் தடுத்தேன். மூணாவது பக்கம் மினிபஸ். நாலாவது பக்கம் கோரிக்கை. வரிசையில நின்னு குடுத்தேன். சீல் போட்டு ரசீது குடுத்தாக. இன்னும் வச்சிருக்கேன் அந்த ரசீதை.

மனுவோட வேகத்தைப் பாருங்க தம்பி. திங்கக்கிழமை குடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில ஒரு கான்ஸ்டபிள் வந்து ரோட்டுல நிக்கார், சப் இன்ஸ்பெக்டரே அனுப்பிச்சாராம். டீச்சர்கிட்ட போர்டை வாங்கி அவரே தூக்குனார். ஐப்பசியில ஆளுக வந்து ரெண்டு பக்கமும் வேகத்தடை போட்டாக, இந்த வெள்ளைக் கோடு போட்டாக. தீபாவளி கழிச்சு எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து ஆர்டரே வந்துருச்சு. மேற்படி பள்ளி வாசலில் மாணவர்கள் சாலையைக் கடக்கும் நேரங்களில் வாகனங்களை நிறுத்த சீனியம்மாள் என்பவருக்கு அனுமதி. ரெண்டு நாள் பயிற்சி. இந்தச் சட்டையும் அவுக குடுத்ததுதான். பயிற்சி குடுக்க வந்த ஏட்டையாவுக்கே நான் நாலு விசயம் சொல்லிக்குடுத்தேன்.

ஆர்டரை டீச்சர்தான் கொண்டாந்து கையில குடுத்தாக. உங்க மனு வேலை செஞ்சிருச்சு சீனியம்மான்னு சிரிச்சாக. அவுக வாயாலேயே சொல்லிட்டாக, பாத்துக்கோங்க. எனக்கு அதுதான் பிடிச்சது. அடுத்தவுக செஞ்சதை ஒத்துக்கிற குணம் இருக்கு பாருங்க, அது எல்லாருக்கும் வராது.

உங்களுக்கு அந்த ஆர்டர்தானே வேணும்? இந்தா, இதுவும் லேமினேஷன்தான். எதுத்த கடையில ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. உங்க ஊர் டேசன்ல இதைக் காட்டுனா வேலை லேசா முடியும். சத்தமாப் படிங்க, என்கிட்ட கண்ணாடி இல்லை. மேல 'பார்வை'ன்னு இருக்கா, அதை விட்டுருங்க, கீழ வாங்க. அது ஆபீஸ்காரங்க பழக்கம், எந்தெந்தக் காகிதத்தைப் பாத்தோம்னு தேதி தேதியாப் போடுவாக. ரயில்வேலயும் அப்படித்தான்.

என்ன, பதினொண்ணா? எல்லாமே தலைமையாசிரியர் கடிதமா? என் மனு இல்லையா அதுல? நல்லாப் பாருங்க. கலெக்டர் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும். இல்லையா. எடம் பத்தாம விட்டிருப்பாக.

முதல் தேதி என்ன போட்டிருக்கு? போன வருஷம் மார்ச்சா? அது அந்தப் பையன் அடிபடுறதுக்கு நாலு மாசம் முந்தில்ல. அப்ப எதுக்கு எழுதுனாக? வேகத்தடைக்கா? சரி. அடுத்தது. ம். அடுத்தது. ஆகஸ்டா, அது நான் வேலைக்குச் சேந்த வாரம். என்ன பொருள் போட்டிருக்கு? 'சீனியம்மாளுக்கு அனுமதி கோருதல்'னா? நான் சேந்த வாரத்துலயேவா?

கடைசித் தேதியைப் படிங்க.

இன்னொரு தடவை படிங்க.

அது அவுக விழுந்த வெள்ளிக்கிழமை தம்பி. அந்த டீயை அவுக குடிக்கவே இல்லை, ஆறிப்போச்சுன்னு நான்தான் வாய்க்கால்ல ஊத்துனேன்.

சரி. குடுங்க அதை. இல்லை, நீங்களே வச்சுக்கோங்க, ஜெராக்ஸ் எடுக்கணும்ல. மணி என்ன ஆச்சு? அஞ்சு நிமிசம் இருக்கு.

உங்ககிட்ட பேனா இருக்கா? நீங்க படிச்ச ஆளா இருக்கீங்க, ஒரு உதவி பண்ணுங்க. டீச்சருக்கு வர்ற மே மாசத்தோட சர்வீஸ் முடியுது. அதுக்குத்தான் நான் வர்ற திங்கக்கிழமை மறுபடி ஒரு மனு குடுக்கப் போறேன், இன்னும் ஒரு வருஷம் அவுகளையே இங்க போடணும்னு. அப்படியெல்லாம் போட மாட்டாகன்னு எல்லாரும் சொல்றாக. போடட்டும், போடாம போகட்டும், குடுக்கிறது குடுக்கிறதுதான். புதுசா ஒருத்தர் வந்தா நான் முதல்ல இருந்து பழக்கணும்ல, அதுக்குத்தான்னு வச்சுக்கோங்க. மனு பையில இருக்கு, நேத்தே அடிச்சுட்டேன், பிள்ளைகளைப் பெத்தவுக முப்பது பேர் கையெழுத்து வாங்கியாச்சு. டீச்சருக்குத் தெரியாது. தெரிஞ்சா வேண்டாம்னு சொல்வாக, அது நமக்குக் கேக்கவும் கேக்காது.

இந்தா, இதுதான். கடைசிப் பக்கம் கொஞ்சம் எடம் கிடக்கு பாருங்க. அதுல அந்தப் பதினோரு கடுதாசியையும் தேதியோட எழுதிருங்க. ஒண்ணு விடாதீங்க. கடைசிக் கடுதாசிக்குப் பக்கத்துல, இடது கையில அடிபட்ட அன்னைக்கே எழுதுனதுன்னு போடுங்க. நல்லாத் தெளிவா எழுதுங்க, படிக்கிறவுகளுக்குப் புரியணும்.

மணி அடிச்சிருச்சு, நான் போறேன். நீங்க அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க, அங்கேயே உக்காந்து எழுதுங்க. எடம் பத்தலைன்னா முதல் ரெண்டு பக்கத்தைக் கிழிச்சுருங்க தம்பி. அது என்னைப் பத்தி எழுதுனதுதான்.